தலைக்கு எத்தனை காயில்

எனக்குக் கோபம் வந்தால் பாத்திரத்தை உருட்டுவேன். தொண்ணூற்றொன்பதாம் வருஷம் பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டில் உருண்ட பாத்திரங்களுக்கு அளவே இல்லை. என் மகள் தாரணி காதைப் பொத்திக்கொண்டு படித்துத்தான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தாள். யார்மேல் கோபம் என்று கேட்டால் ஒரு பட்டியலே சொல்லியிருப்பேன். கம்பெனியை விற்ற முதலாளிமேல், வாங்கின வெள்ளைக்காரர்கள்மேல், பர்சனல் ஆபீஸ் ஹரிஷ்மேல். எல்லாருக்கும் முன்னால் எல்லம்மாமேல். அவளை அப்படி அள்ளிக் கொடுக்கச் சொன்னது யார்?

பீன்யாவில் ரிலே செய்கிற கம்பெனி எங்களுடையது. எங்களுடையது என்று வாய்ப் பழக்கத்தில் வருகிறது, சேஷகிரி என்பவருடையது. ரிலே என்பது பெரிய மெஷின்களின் சுவிட்சைத் தானாகப் போட்டு அணைக்கிற ஒரு சின்ன டப்பா. அதன் வயிற்றுக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு காயில் இருக்கும். பிளாஸ்டிக் உருளையில் செம்புக் கம்பியை நாலாயிரம் சுற்றுச் சுற்றினால் ஒரு காயில். கம்பி அறுந்தால் முதலிலிருந்து சுற்ற வேண்டும். அந்தச் செக்‌ஷனில் நாங்கள் பதினெட்டுப் பெண்கள். நானும் எல்லம்மாவும் ஒரே தெரு, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பதினொரு வருஷம் பக்கத்துப் பக்கத்து மெஷின்.

சேஷகிரியைப் பற்றி இன்றைக்குச் சிலர் உருகிப் பேசுகிறார்கள். எனக்கு உருகவில்லை. "எல்லாரும் நம்ம வீட்டுப் பெண்கள்" என்பார். வீட்டுப் பெண்களுக்கு ஒரே ஒரு கக்கூஸ், அதற்கும் தாழ்ப்பாள் கிடையாது. மாதம் இரண்டாயிரத்து முந்நூறு சம்பளம், அது பதினைந்தாம் தேதிக்கு முன்னால் கையில் வந்ததாக ஞாபகம் இல்லை. அவர் கேட்டதெல்லாம் செக்‌ஷன் மொத்தமாக ஒரு நாளைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் காயில். நாலு மணிக்கு சூப்பர்வைசர் ரெமிஜியஸ் வந்து ஒவ்வொரு தட்டாகப் பார்ப்பார். நூறுக்குக் கீழே எந்தத் தட்டு இருந்தாலும் அந்தப் பெண்ணுக்கு அர்ச்சனை நடக்கும்.

அதனால் மூன்றே முக்காலுக்கு நாங்கள் 'சமம் போடுவோம்'. அதிகம் சுற்றினவள் தட்டிலிருந்து குறைவாகச் சுற்றினவள் தட்டுக்குக் காயில் போகும். யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. தலைவலி வந்தவள், பிள்ளைக்குக் காய்ச்சலென்று ராத்திரி கண் விழித்தவள், புதிதாய்ச் சேர்ந்தவள் எல்லாருக்கும் அன்றைக்கு எப்படியோ நூறு வந்துவிடும். மொத்தம் சரியாக இருந்தால் சேஷகிரிக்குப் போதும், தட்டு நிரம்பியிருந்தால் ரெமிஜியஸுக்குப் போதும்.

சமம் போடுவதில் தலைவி எல்லம்மாதான். அவள் கை அப்படி. ஒரு ஷிப்டுக்கு நூற்றைம்பது, நூற்றறுபது சுற்றுவாள், கம்பி அறுந்து நான் பார்த்ததே அபூர்வம். எனக்கு எண்பது. சேர்ந்த புதிதில் நானும் நூற்றுப்பத்துச் சுற்றினவள்தான். ஆறேழு வருஷத்தில் வலது மணிக்கட்டு வீங்க ஆரம்பித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு விரல் மடங்காது. தொண்ணூற்றாறில் ரெமிஜியஸ் என்னை வேலையைவிட்டு நிறுத்தச் சொல்லி எழுதியே கொடுத்துவிட்டார், எப்படியோ தப்பித்தேன். அன்றிலிருந்து எல்லம்மா என் தட்டை மட்டும் நூறோடு விடமாட்டாள், நூற்றுப்பதினைந்துக்கு ஏற்றிவைப்பாள்.

"அந்தாள் கண்ணு உன் மேலயே கீது ருக்கு. நூறுல நின்னா சந்தேகம் வரும். கொஞ்சம் ஜாஸ்தியாவே இருக்கட்டும்" என்பாள். எல்லாருக்கும் போட்டது போக அவள் தட்டில் சரியாக நூறு மிஞ்சும். சில நாள் அதற்கும் ஒன்றிரண்டு குறையும். அவளை ரெமிஜியஸ் ஒன்றும் சொல்லமாட்டார், வேகக்காரி என்று அவருக்கே தெரியும்.

தொண்ணூற்றெட்டு தீபாவளி கழிந்து சேஷகிரி கம்பெனியை டென்மார்க்காரர்களுக்கு விற்றார். கேட்டில் நீல எழுத்தில் வாயில் நுழையாத பெயர் ஒன்று ஏறியது. குறை சொல்ல வேண்டுமென்று சொல்லக்கூடாது, வந்த மூன்றாம் வாரமே நாலு கக்கூஸ் கட்டினார்கள், நாலுக்கும் தாழ்ப்பாள். வெளிச்சம், மின்விசிறி, முதுகு சாய்க்கிற நாற்காலி எல்லாம் வந்தது. சம்பளம் ஒன்றாம் தேதி. புது மெஷினில் கம்பியின் இழுப்பு தானாகவே சரியாகிக்கொண்டது, அறுந்துபோவது பாதியாகக் குறைந்தது. பெரியவர் எரிக் என்பவர் தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், சார் போடக்கூடாது என்றார். நாங்கள் அவரை எரிக் சார் என்று கூப்பிட்டோம்.

ஜனவரியில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நம்பர் கொடுத்தார்கள். நாலு மணிக்குத் தட்டில் நம்பர் சீட்டைப் போட்டு அனுப்ப வேண்டும், பர்சனல் ஆபீஸில் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். அந்த ஆபீஸ் ஹரிஷ் கையில். கோயம்புத்தூர்ப் பையன், எம்.பி.ஏ., சத்தம் போட்டே பேசத் தெரியாது.

"இது ஜஸ்ட் ஒரு ஸ்டடிங்க. யாரும் டென்ஷன் ஆக வேண்டாம்" என்றான்.

நான் டென்ஷன் ஆனேன். அன்றைக்கே எல்லம்மாவிடம் சொன்னேன், "இனிமே ஆளுக்கு ஆள் எண்றாங்க, என் தட்டுல போடாதே."

"நம்பர் அவுங்களுக்கு, காயில் நமக்கு. நீ சும்னே குந்து" என்றாள்.

நான் சும்மா உட்கார்ந்தேன். அதைத்தான் சொல்ல வேண்டும். ஒரு தடவை சொன்னேன், இரண்டாம் தடவை சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் மூன்றே முக்காலுக்கு அவள் காயில் என் தட்டில் விழும், என் நம்பரைப் போட்டு அனுப்புவேன். பதினெட்டுப் பேரும் அப்படித்தான் செய்தோம். கம்ப்யூட்டர் என்ற ஒன்று வந்த பிறகும் பழைய தட்டுப் புத்தியோடே இருந்தோம்.

ஏப்ரல் முதல் தேதி கேண்டீனில் கூட்டம் போட்டார்கள். எங்கள் செக்‌ஷனில் பதினொரு பேர் கம்பெனி ரோலில் நிரந்தர ஆட்களாக இருப்பார்கள், சம்பளம் நாலாயிரத்து ஐந்நூறு என்றான் ஹரிஷ். கேட்டவுடன் எல்லாரும் மூச்சை இழுத்துக்கொண்டோம். மீதி ஏழு பேருக்கு ஒரு தொகை கொடுத்துக் கணக்கு முடிப்பார்கள், வேண்டுமென்றால் அவர்கள் லேபர் கான்ட்ராக்டர் சந்திரசேகரனிடம் சேர்ந்து இதே வேலையை இங்கேயே செய்யலாம். கான்ட்ராக்ட் சம்பளம் ஆயிரத்து எண்ணூறு. மூன்று மாதத்து நம்பரைப் பார்த்துத்தான் பிரித்தார்களாம், யார் சிபாரிசும் இல்லையாம்.

பதினொன்றில் மூன்றாவது பெயர் என்னுடையது. எல்லம்மா பெயர் அந்த மீதி ஏழு பேரில் இருந்தது.

என் தோளைத் தட்டி, "உன் பேர் வந்துச்சே, அது போதும்" என்றாள். அப்போது அவளுக்கு முழுதாக உறைக்கவில்லை. மெஜஸ்டிக்கில் பஸ் மாறும்போதுதான் நின்றுவிட்டாள். "அப்போ இ.எஸ்.ஐ. கார்டு?" என்றாள்.

அதுதான் அவளுக்கு உயிர்நாடி. அவள் புருஷன் அய்யாவு பெயிண்டர். மூன்று மாடி உயரத்தில் சாரம் சரிந்து விழுந்து, இரண்டு வருஷமாக இடுப்புக்குக் கீழே சரியாக வராமல் கிடக்கிறார். மருந்து, கால் பயிற்சி, அடுத்து செய்ய வேண்டிய ஆபரேஷன் எல்லாமே அவளுடைய இ.எஸ்.ஐ. கார்டில்தான். ஆபரேஷனுக்கு ஜூலையில் தேதி கொடுத்திருந்தார்கள். கான்ட்ராக்டரிடம் கேட்டதற்கு, "பாக்கலாம்மா, ஒரு வருஷம் போகட்டும்" என்றாராம்.

நான் அப்போதே திரும்பிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மே மாதம் பாதிவரை சொல்லவில்லை. முதல் நாலாயிரத்து ஐந்நூறு கைக்கு வந்த அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தாரணிக்குப் புது யூனிபார்ம் எடுத்தேன், ஒரு கிலோ கறி வாங்கினேன், எல்லம்மா வீட்டுக்கு ஒரு தூக்கில் குழம்பு கொடுத்தனுப்பினேன். அந்தக் குழம்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கம்பெனியில் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் நீல மேல்கோட்டு மாட்டின நாங்கள், அந்தப் பக்கம் பழுப்பு மேல்கோட்டு மாட்டின அவர்கள். அதே கம்பி, அதே காயில், அதே நாலாயிரம் சுற்று. மஞ்சள் கோட்டைத் தாண்டிக் காயில் போகாது. சமம் போடுவது அதோடு நின்றது. என் நம்பர் எண்பத்திரண்டுக்கு இறங்கியது. "இன்னாம்மா ருக்கு, ரோலுக்கு வந்ததும் கை படுத்துக்கிச்சா?" என்றார் ரெமிஜியஸ். அவருக்கு எல்லாம் தெரியும். தெரியாதவர் மாதிரிதான் பதினொரு வருஷம் வண்டி ஓட்டினவர்.

ஆக, நான் உண்மையைச் சொல்லப் போனது முழுக்க எல்லம்மாவுக்காக என்று சொன்னால் அது பச்சைப் பொய். எப்படியும் வெளியே வரும், நானே சொன்னால் மரியாதை மிஞ்சும் என்றும் நினைத்தேன். பஸ்ஸில் இரண்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டேன். அந்தக் காயிலெல்லாம் எல்லம்மா சுற்றியது. என்னை எடுத்துவிட்டு அவளை ரோலில் போடுங்கள்.

ஹரிஷ் என்னை உட்காரச் சொன்னான். முதல் வாக்கியத்தைச் சொன்னேன். சமம் போடுவதைப் பற்றி, என் மணிக்கட்டைப் பற்றி, எல்லம்மா கை வேகத்தைப் பற்றி எல்லாம் விவரமாகச் சொன்னேன். அவன் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டான்.

"அப்ப அவங்க உண்மையிலயே ஒரு ஷிப்டுக்கு எவ்வளவு போடுவாங்க?"

"பழைய மெஷின்லயே நூத்தறுபது சார்."

"நூத்தறுபதா!" என்றான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து எனக்குத் தெம்பு வந்தது. காரியம் ஆகிவிட்டது என்று நினைத்தேன். அப்படியிருக்க இரண்டாம் வாக்கியம் எதற்கு? அது தொண்டையிலேயே நின்றது. இல்லை, நான்தான் நிறுத்தினேன். நாலாயிரத்து ஐந்நூறு தன் பாட்டுக்குக் கண் முன்னால் வந்து நின்றுகொண்டது.

"நேர்மையா வந்து சொன்னீங்க ருக்கு மேடம். திஸ் வில் பி அப்ரிஷியேட்டட்" என்றான்.

மறுநாள் எல்லம்மாவுக்குச் சோதனை வைக்கப்போவதாகச் சொன்னார்கள். அன்று சாயங்காலம் பஸ்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், "நாளைக்கு உயிரைக் குடுத்து ஓட்டு. உன்னத் திரும்ப எடுத்துக்குவாங்க. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

அவள், "கம்பி நல்ல ரோலா குடுப்பாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

எரிக் சாரே வந்து பின்னால் நின்றார். ஹரிஷ் கையில் ஸ்டாப்வாட்ச். எல்லம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். புது மெஷினை அவள் கையாண்ட விதத்தை நான் என்னவென்று சொல்வேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பத்து நிமிஷம்தான் எழுந்தாள். நாலு மணிக்கு எண்ணினார்கள், நூற்று எழுபத்தொன்று. ஒன்றுகூடப் பழுதில்லை. எரிக் சார் கை தட்டினார், நாங்களும் தட்டினோம். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று நான் அழுதேன், அவ்வளவு சந்தோஷம். எல்லம்மா அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

திங்கட்கிழமை பழுப்புக் கோட்டுப் பக்கத்துச் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டியிருந்தது. கான்ட்ராக்ட் பெண்களுக்கு இனிமேல் ஒரு ஷிப்டுக்கு நூற்று நாற்பது காயில். அதற்குக் கீழே போனால் அன்றைய கூலியில் பிடித்தம்.

அதுவரை அவர்களுக்கு நூறுதான். அந்த ஏழு பேரில் சங்கமித்ரா என்று ஒருத்தி, கைக்குழந்தைக்காரி. முக்கி முக்கி நூற்றைந்து சுற்றுவாள். பலகையைப் படித்துவிட்டு நேராக எல்லம்மாவிடம் போனாள். "நல்லா ஓட்டுனக்கா. உன் கை வேகத்துக்கு எங்க வயித்துல அடிச்சிட்ட" என்றாள். இரண்டே வாரத்தில் சங்கமித்ரா நின்றுவிட்டாள்.

பலகையைப் பார்த்த அன்றைக்கே நான் ஹரிஷிடம் ஓடினேன். இந்த முறை உட்காரவில்லை.

"இன்னா சார் இது? அவளை ரோல்ல எடுப்பீங்கன்னுதானே நான் வந்து சொன்னேன்?"

"நான் அப்படிச் சொன்னனுங்களா?" என்றான். யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லைதான்.

அப்புறம் பொறுமையாக விளக்கினான். அவனுடைய அந்தப் பொறுமைதான் எனக்கு ஆகவே ஆகாது. மாதாமாதம் டென்மார்க்குக்கு ஒரு ரிப்போர்ட் போகிறது. அதில் மொத்தக் காயிலைக் கம்பெனி ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து, தலைக்கு எத்தனை என்று போட வேண்டும். சேஷகிரி காலத்தில் தலைக்கு நூற்றைந்து. இப்போது இருநூறு. உலகத்தில் அவர்களுக்கு இருக்கிற ஒன்பது தொழிற்சாலைகளில் நாம்தான் இரண்டாவது. சம்பளமும் அப்படியே, சராசரி இரண்டு மடங்கு.

"ஒரு ஆளை ரோல்ல சேர்த்தா அந்த நம்பர் இறங்கிடுங்க. இந்த வருஷம் ஹெட்கவுன்ட் ஏத்தக்கூடாதுன்னு ஆர்டர்."

"அப்போ அந்த ஏழு பேரு போடுற காயில்?"

"அது நம்ம காயில்தான். டோட்டல்ல வரும்."

"ஆளு?"

"அவங்க கான்ட்ராக்டரோட ஆளுங்க. ஹெட்கவுன்ட்ல வர மாட்டாங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. ஏழாவதோடு படிப்பை நிறுத்தின எனக்கே அது புரிந்தது. பதினெட்டுப் பேர் சுற்றுகிறோம், பதினொன்றால் வகுக்கிறார்கள். ஏழு பேருக்குக் கை உண்டு, தலை கிடையாது. அந்த ரிப்போர்ட்டில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். எங்களுக்குச் சம்பளம் இரண்டு மடங்கு ஆனதும் நிஜம், தலைக்கு இருநூறு என்பதும் நிஜம். டென்மார்க்கில் யாரோ ஒரு நல்ல மனிதர் அதைப் படித்துவிட்டு, இந்தியாவில் நாம் போன இடம் செழித்துவிட்டது என்று மனநிறைவோடு காபி குடித்திருப்பார்.

அந்த நிமிஷத்தில்தான் இரண்டாம் வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டும். என்னை எடுங்கள், அவளைப் போடுங்கள். தலை எண்ணிக்கை அதேதான், காயில் கூடும். அவனுடைய ரிப்போர்ட்டுக்குக்கூட அது லாபம். ஆர்டரில் எந்த இடமும் இடிக்காது. வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் சொன்னான்.

"உங்க மணிக்கட்டு விஷயத்தை எரிக்கிட்ட பேசிட்டேன். ஜூன்லருந்து நீங்க இன்ஸ்பெக்‌ஷன். உட்கார்ந்து காயிலைச் செக் பண்ணினாப் போதும். அதே சம்பளம்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தேங்க்ஸ் சார்" என்றேன்.

ஜூன் மாதத்திலிருந்து என் வேலை பழுப்புக் கோட்டுப் பெண்கள் சுற்றின காயிலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது. பழுதானதைச் சிவப்பு டப்பாவில் போட வேண்டும். எல்லம்மாவின் தட்டு வரும், புரட்டிப் பார்ப்பேன், ஒன்றும் சிவப்பு டப்பாவுக்குப் போகாது. அவள் ஒரு நாளைக்கு நூற்று நாற்பது சுற்றினாள், நூற்று நாற்பத்தொன்றுகூட இல்லை. நாலு மணி அடிக்கும்வரை அந்தக் கணக்குக்கு இழுத்து இழுத்து ஓட்டினாள். அவள் கைக்கு அது எவ்வளவு மெதுவென்று எனக்குத் தெரியும்.

ஜூலையில் அய்யாவுவின் ஆபரேஷன் தேதி வந்து போனது. கார்டு செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளி ஆஸ்பத்திரியில் அறுபதாயிரம் கேட்டார்கள். கம்பெனி கணக்கு முடித்துக் கொடுத்த பணம் அதில் பாதிக்கு வரவில்லை. நான் பத்தாயிரம் தருகிறேன் என்றேன். "வெச்சுக்கோ, அடுத்த வருஷம் தாரணிய காலேஜ்ல சேக்கணும் இல்ல" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அவள் கோபப்பட்டாலே என் பாதி வியாதி தீர்ந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பின அந்த வாரம்தான், ஒரு சாயங்காலம் பீன்யாவிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் இருவருக்கும் உட்கார இடம் கிடைத்தது. அவள் ஜன்னலோரம். யஷ்வந்தபுரம் வந்தது. அப்புறம் வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"ருக்கு, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பேஜார் ஆயிக்காதே. ஹரிஷ் ரூம்ல, உன் எடத்துல என்னப் போடச் சொல்லிக் கேட்டியா?"

பொய் சொல்லியிருக்கலாம். கேட்டேன், அவர்கள் முடியாது என்றுவிட்டார்கள் என்று சொன்னால் அவள் நம்பியிருப்பாள். ஆனால் அவள் விஷயத்தில் இனிமேலும் ஒரு காயிலை என் தட்டில் போட்டுக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

"கேக்கல" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். டிக்கெட்டைச் சுருட்டி வளையலுக்குள் செருகிக்கொண்டாள். பஸ் சிக்னலில் நின்று கிளம்பியது. அப்புறம் என் வீங்கின மணிக்கட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு மெதுவாக நீவிவிட்டாள்.

"வுடு. நானா இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்" என்றாள்.

பதினொரு வருஷத்தில் எல்லம்மா என்னிடம் சொன்ன ஒரே பொய் அதுதான்.